அம்மாவின் கிளாஸில் சாயக் கோடுகள்

எங்கள் வீட்டுக் கதவு தானாகத் திறக்க ஆரம்பித்ததும், நான் ஹட்டனில் பொறியியல் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. அந்த மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது வெட்கம். பயம் அதற்குப் பிறகுதான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு காம்பராக்கள். கடைசிக் காம்பரா எங்களுடையது. தொங்கல் காம்பரா என்பார்கள். பின்னால் நிமிர்ந்து பார்த்தால் தேயிலை மலை, முன்னால் நாலு எட்டு வைத்தால் பள்ளம். வீட்டில் நான், அண்ணன், அண்ணி மூன்று பேர். அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அண்ணி கொழுந்து பறிக்கிறவர், அப்போது ஆறு மாதக் கர்ப்பம், தலைப்பிள்ளை. அம்மா அதே காம்பராவில்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போனார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் கொழும்பில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். அம்மா போன பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. சும்மா இருக்கவும் தெரியாத ஆள் நான். சனிக்கிழமை தோறும் ஹட்டனில் ஆரம்ப மாணவர்களுக்கான பொறியியல் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

காற்றில் திறக்கிற கதவு படீரென்று போய்ச் சுவரில் அடிக்கும். எங்கள் கதவு அப்படித் திறக்கவில்லை. பொழுது சாய்ந்து, மலையிலிருந்து பனி இறங்கி, எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாமல் போகிற நேரத்தில், வெறுமனே சாத்தியிருந்த கதவு முதலில் ஒரு விரல் அளவு உள்ளே நகரும். கொஞ்சம் நிற்கும். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், முழுதாகத் திறந்துகொள்ளும். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். பனிதான் உள்ளே வரும். அம்மா விறகுக்கட்டோடு வரும்போது, இரண்டு கையும் காலியாக இல்லாததால், கதவைத் தோளால் தள்ளி இப்படித்தான் திறப்பார். எங்கள் மூவருக்கும் அது ஞாபகம் வந்தது. மூவருமே முதலில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணிதான் சொன்னார்.

"மாமி வந்துட்டுப் போறாங்க. எனக்கு என்னமோ இங்க இருக்கப் பயமா இருக்குங்க. பட்டிப்பொலயில எங்க அம்மா வீட்டுக்கு இப்பவே போயிறவா?"

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பட்டிப்பொலயில் அண்ணியின் தாய்வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி தூரம். ஒன்பதாம் மாதம் போனால் போதும் என்றான். லயத்துப் பெண்களோ ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியார் பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறார் என்று ஒருத்தி; கூட்டிக்கொண்டு போக வருகிறார் என்று இன்னொருத்தி. இரண்டாவது பேச்சைக் கேட்ட அன்றைக்கு அண்ணி சாப்பிடவேயில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வைக்கிற சாயத்தண்ணியை, பால் விடாத தேத்தண்ணியை, மட்டும் அண்ணி நிறுத்தவில்லை. அம்மா செத்த நாளிலிருந்து அது ஒரு நியதி. அம்மா குடிக்கிற, பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுதுபட அதில் சீனி போடாத சாயத்தண்ணி ஊற்றி, கதவுக்குப் பக்கத்துத் தரையில், சிமெண்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிற அதே இடத்தில், பூப்போட்ட பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி வைப்பார். அந்தக் கிளாஸ் அடுத்த வெள்ளி வரை அங்கேயே இருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். ஆண்டுத் திவசம் முடியும்வரை கிளாஸைக் கழுவக்கூடாது என்பது அண்ணியின் பக்கத்து வழக்கம். அம்மாவின் வாய் பட்ட கிளாஸாம். எட்டு மாதச் சாயம் ஏறி அது கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

வகுப்பில் பாடம் எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஒரு வயது இளையவர். முதல் நாள் பலகையில் மூன்று சொற்கள் எழுதினார்: குடிசார், இயந்திரம், மின். கட்டடமும் பாதையும் பாலமும் மண்ணும் முதலாவதில். ஓடுவதும் சுழல்வதும் தேய்வதும் இரண்டாவதில். கம்பியில் போவது மூன்றாவதில். மற்றப் பிரிவுகளெல்லாம் இந்த மூன்றின் பிள்ளைகள் என்றார். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"வீட்டில உங்களுக்குப் பயமாயிருக்கிற ஒரு சாமானை எழுதிக்கொண்டு வாங்கோ. அது எந்தப் பிரிவுக்குள்ள வரும் எண்டும் எழுதோணும். பயப்படுற சாமானைத்தான் மனிசன் வடிவாப் பாப்பான்."

பொல்பிட்டியவிலிருந்து வருகிற ஒரு பையன், மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்குகிற பெரிய குழாய்களை எழுதிக்கொண்டு வந்தான். அவை தன் வீட்டுச் சாமான் இல்லைதான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் அவைதான் தெரிகின்றன என்றான். அது மூன்று பிரிவிலும் வரும் என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் தன் கடையின் பழைய மின்பலகையை எழுதியிருந்தார். நான் கதவை எழுதினேன். எந்தப் பிரிவு என்ற இடத்தில் 'இயந்திரம்' என்று கெட்டியாகப் போட்டேன். கதவு என்றால் அது தொங்கித் திரும்புகிற பிணைச்சல், பிணைச்சல் என்றால் சுழற்சி, உராய்வு. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட நினைப்பு.

அன்று மாலையே பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டேன். ஆணியை இறுக்கினேன். கதவு முன்போலவே திறந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: முன்பு கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தது, இப்போது சத்தமே இல்லாமல் திறந்தது. அண்ணி சமைத்துக்கொண்டிருக்கும்போது முதுகில் குளிர் பட்டுத் திரும்பிப் பார்ப்பார். கதவு திறந்து கிடக்கும். எப்போது திறந்தது என்றே தெரியாது. முன்பு சத்தமாவது கேட்டது, அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அழுதார்.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. வீட்டில் பேயின் பேரில் எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு பிரிவில் போடத் தொடங்கினேன். பொழுதுபட பல்பு மங்குகிறதா? மின். ஆறு காம்பராவிலும் ஒரே நேரத்தில் சோறு வைக்கிறார்கள், கம்பி பழசு. கூரைக்குள் டக், டக் என்று யாரோ விரல் மடக்கித் தட்டுகிறார்களா? பகலில் சூடான தகரம் குளிரும்போது சுருங்குகிறது. இயந்திரப் பாடம், மூன்றாவது வாரம். பென்சில் தரையில் தானாக உருண்டு பின்சுவருக்குப் போகிறதா? சிமெண்டு பூசியவன் சரியாகப் பூசவில்லை. வெளியே மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் இரண்டு நாள் தண்ணீர் வராமல் நின்று, மூன்றாம் நாள் செம்மண் நிறத்தில் வந்ததா? மேலே யாரோ வடிகால் கான் வெட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி, கொப்பியில் சரி அடையாளம் போட்டேன். ஐந்தும் ஐந்து தனித்தனி விஷயங்கள் என்றே நினைத்தேன். ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகச் சுவர் வெடிப்பு. எங்கள் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில், கூரையிலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு இருந்தது. அது நான் பிறந்த காலத்து வெடிப்பு; ஒவ்வொரு தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடித்து மறைப்போம். வெடிப்பு நகர்கிறதா என்று பார்க்க வகுப்பில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் இரண்டு பக்கமும் படும்படி சிமெண்டு வைத்து ஒட்டவேண்டும். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். பழைய ஜன்னல் கண்ணாடியில் மூன்று துண்டு வெட்டி ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, நான் வீட்டுக்குள் ஏதோ செய்வினை வைத்திருக்கிறேன் என்று லயத்தில் பேச்சு. அதையும் தாங்கிக்கொண்டேன். சுவருக்குச் சுவர், மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்து எழுதினேன். ஐந்து வாரம். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஓர் அளவும் மாறவில்லை.

கொப்பியில் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'கட்டடம் அசையவில்லை. பயப்படக் காரணம் இல்லை.' ஒப்பமும் போட்டேன். அந்த ஒப்பத்தின் திமிரை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அந்த வாரம்தான் அண்ணி மலையிலிருந்து வந்து, காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"லயத்துக்கு மேல ஏழாம் நம்பர் மலையில நெர பறிக்கையில, செடிக்கு நடுவுல தரை வாயப் பொளந்துகிட்டு இருக்குங்க. முட்டிக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. கண்டாக்கு வந்து பாத்துட்டு, யாரும் விழுந்துறக் கூடாதுன்னு மிலாறு போட்டு ரொப்பச் சொன்னாரு."

நெர என்பது ஒருவர் பறிக்கிற செடி வரிசை. மிலாறு என்பது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி. கண்டாக்கு என்றால் மலை வேலையைப் பார்க்கிற தோட்டத்து உத்தியோகத்தர். பூமியில் விழுந்த வெடிப்பைக் குச்சி போட்டு மூடிவிட்டார்கள். நான் கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"அது மலையில அண்ணி. நான் வீட்டப் பத்திப் பேசுறேன். மூணு கண்ணாடியும் முழுசா இருக்கு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. துணிப்பையப் பிரிச்சு வைங்க."

அண்ணி பட்டிப்பொலவுக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார். நான் படித்தவள் என்று நம்பினார். இவ்வளவுக்கும் அந்த வகுப்புக்கு நான் போயிருந்தது பத்துச் சனிக்கிழமை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. பீலித் தண்ணீர் கலங்கியதிலிருந்து, மண்சரிவு பார்க்கிற அதிகாரியைக் கூப்பிடச் சொல்லி லயத்து ஆம்பிளைகள் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கு எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். என் கொப்பியின் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்தார். "படிச்ச புள்ளயே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கு, இதுக்கு மேல யாரு வந்து பாக்கணும்?" என்று எல்லோரிடமும் காட்டினார். அப்போது எனக்குள்ளே எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆறு குடும்பங்கள் என் ஒப்பத்தின் மேல் படுத்துத் தூங்கின.

அடுத்த சனிக்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வகுப்பில் என் முறை வந்தது. கதவில் தொடங்கி கண்ணாடித் துண்டு வரை சொல்லி, வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தையும் வரைந்து காட்டினேன். கூரை, சுவர், அத்திவாரம். பாரம் எப்படிக் கூரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து அத்திவாரத்துக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டேன். மண்ணைக் காட்ட அத்திவாரத்தின் அடியில் சாய்கோடுகள் போடுவது வழக்கம். அவற்றையும் அழகாகப் போட்டேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பாடம் எடுப்பவர் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எங்கயிருந்து அளந்தனீங்கள்?"

"சுவத்துலருந்து."

"சுவர் எதில நிக்குது?"

"அத்திவாரத்துல."

"அத்திவாரம்?"

"மண்ணுல," என்று சாய்கோடுகளைக் காட்டினேன்.

"இந்தக் கோடு அசையாது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வகுப்பு சிரித்தது. எனக்கு மூக்கறுபட்ட கோபம். வீடு முழுதாக ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால் கண்ணாடி எப்படி உடையும், ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு சீட்டுக்குச் சீட்டு அளந்தால் பஸ் ஓடுவது தெரியுமா என்று அவர் பொதுவாக எல்லோருக்கும் விளக்கினார். எந்த அளவையும் அசையாத ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். அப்படி எதுவும் கையில் இல்லாவிட்டால் தண்ணீரை நம்பலாம், தண்ணீரின் மட்டம் யார் பக்கமும் சாயாது என்றார். நான் கொப்பியை மூடிக்கொண்டு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

திரும்பி வருகிற பஸ் ஜன்னலில் மழை வழிந்துகொண்டே இருந்தது. பாதையோரக் கான்களில் செந்நிறத் தண்ணீர். கோபம் ஆற ஆற, அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அண்ணியின் கால் புதைந்த வெடிப்பு, கலங்கிய பீலி, பின்சுவருக்கு உருளும் பென்சில். இவ்வளவு நாளும் தனித்தனியாகச் சரி போட்டிருந்தவை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து நின்றன. பஸ் விட்டு இறங்கி லயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பொழுது சாய்கிற நேரம். கதவு திறந்தே கிடந்தது. அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதல் நாள் ஊற்றிய சாயத்தண்ணி கதவோரம் இருந்தது. நான் தண்ணீரைத் தேடி வந்தவள். கண்ணில் முதலில் பட்டது அதுதான். தரையில் படுத்து, கண்ணைக் கிளாஸுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். சாயத்தின் மட்டம் கிளாஸின் விளிம்போடு ஒத்துப் போகவில்லை. பூப்போட்ட பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் ஏறியிருந்தது.

"தொடாதீங்க தங்கச்சி!" என்று அண்ணி எழுந்து உட்கார்ந்தார்.

நான் கேட்கவில்லை. சாயத்தை வாசலில் கொட்டிவிட்டு, கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பாய்ப் படிந்திருந்தது வெறும் அழுக்கு இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஊற்றிய சாயம் தன் மட்டத்தில் ஒரு கோடு விட்டுப் போயிருந்தது. அம்மா செத்த புதிதில் விழுந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, விளிம்புக்கு நேராக, ஒரே தடித்த கோடாக இருந்தன. அதிலிருந்து ஒன்று கொஞ்சம் சாய்ந்து பிரிந்தது. அதற்கு மேல் இன்னொன்று இன்னும் கொஞ்சம் சாய்ந்து. ஒடுங்கிய விசிறியை விரிப்பதுபோல ஒவ்வொரு வாரமும் ஒரு மடிப்பு. முதலில் மயிரிழை இடைவெளி. கடைசி மூன்று கோடுகளுக்கிடையில் இடைவெளி கூடிக்கொண்டே போயிருந்தது.

கிளாஸைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் ஐந்து வாரம் நாடாவும் கண்ணாடியும் வைத்துக் கண்டுபிடிக்காததை, என் அம்மாவின் கிளாஸ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேதி தவறாமல் எழுதி வைத்திருந்தது. நான் அதை அழுக்கு என்றேன்.

ஒரு நூலில் பூட்டைக் கட்டி, கதவுநிலையின் மேல்பக்கத்திலிருந்து உள்ளே தொங்கவிட்டேன். நிலையின் அடிக்கும் பூட்டுக்கும் நடுவே நாலு விரல் போனது. வீடு பள்ளத்தைப் பார்த்துச் சாயவில்லை, மலையைப் பார்த்துப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. சாய்கதிரையில் கால் முன்னால் நழுவினால் முதுகு பின்னால் போகுமே, அதே மாதிரி. அடியில் மண் முன்னால் நழுவிக்கொண்டிருந்தது. நிலை பின்னால் சாய்ந்ததால்தான் கதவு உள்ளே உள்ளே திறந்தது.

அண்ணன் கண்டாக்கிடம் ஓடினான். அவர் என் கொப்பியின் படத்தை அவனிடமே காட்டி, "ஒங்க தங்கச்சிதானே எழுதியிருக்கு" என்றாராம். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும், வேறு வழி இல்லை என்று புரிந்தது. கிளாஸை எடுத்துக்கொண்டு மழையில் லயத்து வாசலில் இறங்கினேன். ஆறு காம்பரா ஆட்களையும் கூப்பிட்டேன்.

"நான் எழுதினது பிழைங்க. வீடு நகருது. மன்னிச்சுக்குங்க. இப்பவே கெளம்பணும்."

கிளாஸைக் கைக்குக் கை மாற்றி, ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் மெதுவாகச் சொன்னார், மூன்றாவது காம்பராக்காரர்.

"எங்க கட்டில் காலுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடி கட்டை வச்சேன். ரெண்டு வாரத்துல இன்னொரு கட்டை. கட்டில்தான் உளுத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"எங்க அலுமாரிக்கும் வச்சிருக்கோம்," என்றது இன்னொரு குரல். இன்னொருத்தி தொட்டிலின் கயிற்றை ஒரு பக்கம் மட்டும் சுருக்கிக் கட்டியதைச் சொன்னாள். அண்ணி, சோற்றுப் பானையில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறுகிறது என்று அடுப்புக் கல்லுக்கு அடியில் ஓட்டுத் துண்டு செருகியிருந்ததைச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், வீடு சாயச் சாயச் சாமான்களை நிமிர்த்திக்கொண்டே வந்திருக்கிறோம். இருட்டத் தொடங்கிய அந்த வாசலில், மழைக்குள் நின்றுகொண்டு, ஒருவர் பின் ஒருவராக இதைச் சொன்னதுபோல ஒரு பயங்கரத்தை நான் கேட்டதில்லை. எல்லோரும் சொல்லி முடித்ததும் அவரவர் உள்ளே போய்ப் பையைக் கட்டினார்கள்.

பாதைக்கு அந்தப் பக்கம், பாறைமேல் கட்டிய பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். ஞாயிறு போனது. திங்கள் போனது. லயம் அப்படியே நின்றது. மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. திங்கள் மத்தியானம் அண்ணன் முகம் கறுத்து, "இன்னும் எத்தன நாளைக்கு?" என்றான். கண்டாக்கு வந்து சிரித்துவிட்டுப் போனார். இரண்டு குடும்பங்கள் திரும்பிப் போகிற பேச்சில் இருந்தன. எனக்கே சந்தேகம். முதல் தடவை பிழை விட்டவள் இரண்டாம் தடவையும் விடமாட்டாளா என்ன? நல்லவேளை, அண்ணி அசையவில்லை. "தங்கச்சி போங்கன்னு சொன்னாத்தான் நான் போவேன்," என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நம்பிக்கை எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய் அழுதேன்.

செவ்வாய் காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் நின்று எதிர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குப் பட்டது சத்தம் இல்லாததுதான். குருவி இல்லை, நாய் இல்லை, பீலியின் சலசலப்பு இல்லை. பிறகு லயத்துக்கு மேலே, தேயிலைக்குள் நிழலுக்கு நட்டிருந்த சவுக்கு மரங்கள் நடக்கத் தொடங்கின. விழவில்லை, சாயவில்லை. நின்றபடியே, நாலைந்து மரங்கள், தேயிலைச் செடிகளையும் கூட்டிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தன. எனக்கு எங்கள் கதவு ஞாபகம் வந்தது. அதே அவசரமில்லாத நடை. லயத்தின் பின்னால் வந்து ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். ஆறு காம்பராவும் கூரையோடு பள்ளத்துக்குப் போயின. மூன்று கண்ணாடித் துண்டும் கடைசிவரை உடையாமல்தான் போயிருக்கும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆட்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். என் ஒப்பத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. பிறகு வந்த அதிகாரி ஏழாம் நம்பர் மலையில் குச்சி போட்டு மூடிய வெடிப்பின் மிச்சத்தைத்தான் முதலில் படம் பிடித்தார். நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை.

அண்ணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பாதையோரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு தற்காலிக வீட்டில் இப்போது இருக்கிறோம். கதவை நானே நின்று மாட்டினேன். ஹார்ட்வெயார் கடைக்காரர் கொடுத்த தூக்குக்குண்டை எல்லாப் பக்கமும் தொங்கவிட்டு, பாதைக்கு அப்பால் இருக்கிற பாறையில் ஒரு குறி வெட்டி, அங்கிருந்து வீட்டுக்கு அளந்தேன். வாரத்துக்கு ஒரு முறை அளக்கிறேன். லயத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் நாடா பிடிக்கிற மாதிரிக் கையை விரித்துக் கேலி செய்கிறார்கள்.

ஆண்டுத் திவசம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. படையல் எடுத்ததும் அண்ணி கிளாஸைக் கையில் எடுத்தார். வகுப்பில் காட்ட வேண்டும், வைத்திருங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒரு வருசம் முடிஞ்சிருச்சு. மாமிய இன்னும் எத்தன நாளைக்கு வேல வாங்குவீங்க?" என்றார்.

புளி போட்டுத் தேய்த்தார். கோடுகள் எல்லாம் போயின. பளிச்சென்று கழுவிய கிளாஸில் சாயத்தண்ணி ஊற்றி, கதவோரம் வைத்தார். பனி இறங்குகிற நேரம். பிள்ளை பாயில் கிடந்தது. அப்போது கதவு ஒரு விரல் அளவு உள்ளே நகர்ந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாகத் திறந்துகொண்டது.

நான் அளக்கவில்லை. எந்தப் பிரிவு என்று யோசிக்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து, பாதையில் நின்றேன். அண்ணி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காத்துங்க தங்கச்சி. வெறும் காத்து. பிள்ளைக்குப் பனி புடிக்கும், உள்ள வாங்க."

"கிளாஸப் பாருங்க அண்ணி," என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவர் குனிந்து, நான் அன்றைக்குப் பார்த்த மாதிரியே கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு," என்றார். "வாங்க."

நேராக இருக்கிறதென்று நானும் நம்பினேன். ஆனால் அது ஒரே ஒரு கோடு. அடுத்த வெள்ளி வரை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு கோடு இல்லை. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்பதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.